ஒண்ணா

இது நடந்தது மாரி தொடங்கும் முன்பா பிறகா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வாவி கலங்கிச் சிவந்திருந்ததாக ஒருவர் சொன்னார். தண்ணீர் உள்வாங்கிக் கரைச்சேறு வெடித்திருந்ததாக இன்னொருவர் சொன்னார். நான் பார்த்ததும் மற்றவர்கள் சொல்லக் கேட்டதும் இத்தனை காலத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கோகிலவாணி அன்று நீலச் சேலை உடுத்திருந்தாள் என்று எனக்கு ஞாபகம். அவள் சேலையே கொண்டு வரவில்லை என்று சுலோஜனா அடித்துச் சொல்கிறாள். ஆகவே நிறங்களையும் மாதங்களையும் நீங்கள் நம்ப வேண்டாம். அந்தப் பிள்ளை சொன்ன சொல்லை நம்பலாம். அதில் மட்டும் யாரும் யாரோடும் முரண்படவில்லை.

கோகிலவாணி கரூர்க்காரி. பெங்களூரில் ஒரு கணினி நிறுவனத்தில் சில வருடங்கள் வேலை பார்த்து, ஒருநாள் அதை விட்டுவிட்டாள். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னாள். எந்தப் பதிலும் பொய்யில்லை, எதுவும் முழுமையுமில்லை. வெளிநாட்டில் ஒரு சிறுவர் இல்லத்தில் கொஞ்சகாலம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அவளுடைய அண்ணன் சிரித்தான். தமிழ் பேசுகிற ஊர் எப்படி வெளிநாடு ஆகும் என்று கேட்டான். அவள் அந்த ஊரைத் தெரிவு செய்ததே அதற்காகத்தான். தொண்டு செய்ய வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் குழந்தைகளோடு ஒரு வார்த்தை பேச முடியாமல், கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போவதைப் பற்றி எங்கோ வாசித்திருந்தாள். தனக்கு அந்தச் சங்கடம் வராது என்று நினைத்தாள். கொழும்பிலிருந்து ரயிலில் வந்து மட்டக்களப்பில் இறங்கி, பெயர்ப்பலகையில் தன்னுடைய எழுத்துகளையே கண்டபோது, ஏதோ ஏமாற்றம்கூட வந்ததாம். இவ்வளவு தூரம் வந்தும் வந்ததாகத் தெரியவில்லையே என்று.

தன்னாமுனையில் பிரதான வீதியிலிருந்து வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அந்தப் பள்ளிக்கூடமும், அதன் பின்மதிலோடு ஒட்டிப் பெண்பிள்ளைகள் இல்லமும் இருந்தன. ஊரில் அதை அனாதை இல்லம் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அங்கே இருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு ஆரோ ஒருவர் இருந்தார். தாய் குவைத்தில் வீட்டு வேலையில் இருப்பாள், தகப்பன் வேறு குடும்பத்தோடு இருப்பான். யுத்தத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து போய்விட்டார்கள். இப்போது வருவது உறவு இருந்தும் இடமில்லாத பிள்ளைகள்.

இல்லத்தை நடத்தியவர் டோறா அன்ரி. நகரத்துப் பழைய பறங்கிக் குடும்பம், போர்த்துக்கேய வழி. கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட, இவர் மட்டும் போகவில்லை. அதற்கும் காரணம் யாருக்கும் தெரியாது. கேட்டால், வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசித்து யோசித்துக் காலம் போய்விட்டது என்பார். குசினியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவள் கல்லடிக்காரி சுலோஜனா. பெரிய உடம்பு, பெரிய குரல், எதையும் மறைக்கத் தெரியாத முகம்.

முதல் கிழமையே கோகிலவாணி ஒரு பிள்ளையை அழ வைத்தாள். கணக்கில் பிழைவிட்ட ஒருத்தியைக் கூப்பிட்டு, பள்ளி முடிந்ததும் நான் உங்கிட்டப் பேசணும் என்றாள். பிள்ளை அந்த நிமிடத்திலிருந்து விக்கி விக்கி அழத் தொடங்கி, மத்தியானச் சோறும் தின்னவில்லை. இங்கே பேசுவது என்றால் ஏசுவது. சாதாரணமாக வாய் திறந்தால் அது கதைப்பது. சுலோஜனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோகிலவாணியும் சிரித்தாள். அதற்குப் பிறகு கதைப்பது, பகிடி, கெதி, கதிரை என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளோ எதிர்ப்பக்கமாகப் போனார்கள். அவளோடு கதைக்கும்போது மட்டும் படத்தில் வரும் தமிழைப் பேசினார்கள். இந்தியா மிஸ், இன்னாம்மா, எப்டி கீறீங்க என்று கேட்டுவிட்டு ஓடிப்போவார்கள். கரூரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்று அவள் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

மேனுகா அந்த விளையாட்டில் சேரவில்லை. பன்னிரண்டு வயதிருக்கும். நிதுர்ஷா என்று ஆறு வயதுத் தங்கை, எல்லாருக்கும் நிது. தாய் குவைத்தில். தகப்பனைப் பற்றிக் கேட்டால் இரண்டு பேரும் ஒரே மாதிரித் தரையைப் பார்ப்பார்கள். நிது வாய் ஓயாதவள். மேனுகா கேட்டதற்குத் தலையசைப்பாள், அவ்வளவுதான். பள்ளியில் எழுத்து வேலை எல்லாம் நன்றாகச் செய்வாள். வாயால் சொல் என்றால் எழும்பி நின்று, மணி அடிக்கும்வரை நிற்பாள்.

அவளை ஒருவரும் வற்புறுத்தவில்லை என்றில்லை. எல்லாரும் வற்புறுத்திப் பார்த்து ஓய்ந்திருந்தார்கள். கோகிலவாணி வற்புறுத்தவில்லை. அவள் அதை ஒரு முறையாக யோசித்துச் செய்யவில்லை. அவளுக்கும் பின்னேரங்களில் பேசாமல் இருக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். இல்லத்துக்குப் பின்னால் வாவிக்கரையில் ஓட்டையாகிப்போன ஒரு தோணியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதில் போய் உட்கார்ந்திருப்பாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை எறிகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் போக, மேனுகாவும் வந்து தோணியின் மறு நுனியில் உட்கார்ந்தாள். இன்னும் சில நாள் போக, நடுவில் ஒரு முழ இடம்தான் இருந்தது. இருட்டத் தொடங்கினால் எழும்பிப் போவார்கள். ஒருநாள் மேனுகா தண்ணீரைக் காட்டி, அது இறால் கூடு என்றாள். அடுத்த நாள் இன்னும் ஒன்றிரண்டு சொற்கள். சுலோஜனா இதைக் கண்டுவிட்டு, ஊமைச்சி வாய் திறந்துவிட்டாள் என்று குசினிக்குள் அறிவித்தாள். டோறா அன்ரி பின்னேரத் தேத்தண்ணியைத் தோணிக்கே கொடுத்து அனுப்பத் தொடங்கினார்.

அந்த நாட்களில்தான் சித்தாண்டியிலிருந்து ஜெயரூபன் வந்தான். மேனுகாவின் தாய்க்குத் தம்பி, அந்தப் பிள்ளைகளுக்கு மாமன். வயல் செய்கிறவன். அவனுக்குக் கலியாணமாகி ஒரு கைக்குழந்தையும் இருந்தது. தன் அக்காவின் பிள்ளைகள் அனாதை இல்லத்தில் இருக்கிறார்கள் என்று ஊரில் சொல்வதைக் கேட்க முடியவில்லை, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான நன்னடத்தை அலுவலகத்துக்கும் அது நல்ல செய்திதான். உறவினர் இருக்கும் பிள்ளைகளை உறவினரோடு சேர்க்க வேண்டும் என்பதுதான் இப்போது அரசாங்கத்தின் போக்கு. பிள்ளை இல்லத்தில் வளர்வதைவிட அது நல்லது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், பெரும்பாலும் அது உண்மையும்கூட.

அந்த அலுவலகத்து உத்தியோகத்தர் திவாகரன் வந்து வீட்டையும் விசாரித்து, ஆட்களையும் விசாரித்து, கடைசியில் மேனுகாவை இருத்திக் கேட்டார். ஜெயரூபன் பக்கத்தில் நின்றான். மேனுகா மணி அடிக்கும்வரை நிற்கிற மாதிரி நின்றாள். இன்னொருமுறை வந்து கேட்டார். அப்போதும் அப்படித்தான். தங்கையைக் கேட்டால், அக்கா போனால் போவேன் என்றாள். திவாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இந்தப் பிள்ளை ஆரோடயாவது கதைக்குமா என்று டோறா அன்ரியிடம் கேட்டார். டோறா அன்ரி யன்னலுக்கு வெளியே கோகிலவாணியைக் காட்டினார். சுலோஜனா அந்தக் கிழமை இல்லத்தில் இல்லை. மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று கல்லடியில் நின்றாள்.

பிள்ளையிடம் கேட்டுச் சொல்லும்படி தன்னைக் கேட்டது கோகிலவாணிக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அதை அவளே பிறகு சொன்னாள்.

அன்று பின்னேரம் தோணியில் வழக்கம்போல உட்கார்ந்தார்கள். ஒரு வலை எறிந்து இழுக்கும் நேரம்வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மாமா உங்களைக் கூட்டிட்டுப் போகணும்ங்கறார். என்ன சொல்றே, போறியா?"

மேனுகா தோணியின் விளிம்பில் காய்ந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள். கோகிலவாணி இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது சரி என்று அப்போது நினைத்தாள்.

"ஒண்ணா" என்றாள் மேனுகா.

கோகிலவாணிக்கு நெஞ்சு லேசானது. பிள்ளைக்குப் பயம் அதுதான், தங்கையை விட்டுப் பிரித்துவிடுவார்களோ என்று.

"நிதுவும் நீயுமா?"

"ஓம். ரெண்டு பேருந்தான்."

"நல்லா யோசிச்சியா?"

"ஓம், மிஸ்."

"சரி. நான் சொல்லிடறேன்."

மேனுகா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, அதுவரை ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தாள். நடுவில் இருந்த இடத்தைத் தாண்டி வந்து, தோளை அவள் தோளோடு சாய்த்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தார்கள்.

உள்ளே போய் கோகிலவாணி தன் சொற்களில்தான் சொன்னாள். அக்காளும் தங்கையும் சேர்ந்து போவதென்றால் போகிறார்களாம், இரண்டு பேரையும் பிரிக்கக் கூடாது. டோறா அன்ரி அவள் முகத்தைப் பார்த்து, மேனுகாவே சொன்னாளா என்று ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றாள். திவாகரன் எழுதிக்கொண்டார்.

பிள்ளைகள் போன அன்று காலை ஜெயரூபன் ஓட்டோ கொண்டு வந்திருந்தான். நிது ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் கை காட்டினாள். மேனுகா பையோடு வாசலில் நின்றாள். அழவில்லை. கோகிலவாணியைப் பார்த்தாள். ஏதோ கணக்கில் எந்த வரியில் பிழை வந்தது என்று தேடுகிறவள் மாதிரிப் பார்த்தாள். சந்தோஷமா இரு என்று கோகிலவாணி சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். கூச்சம் என்று கோகிலவாணி நினைத்தாள். தோணியில் அன்று தனியாக உட்கார்ந்திருந்தாள். தனியாக இருப்பது அவளுக்குப் பழக்கம்தான்.

சுலோஜனா பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பிறகு, ஒரு மத்தியானம், சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னப்பிள்ளை சோற்றுக் கோப்பையைத் தள்ளி, எனக்குக் கீரை ஒண்ணா என்றது. கோகிலவாணி பக்கத்தில் நின்றவள், எதுகூட ஒண்ணா, பருப்புகூடவா என்று பகிடியாகக் கேட்டாள். பிள்ளை அவளை விளங்காமல் பார்த்தது. சுலோஜனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னத்தோடயும் இல்ல புள்ள. அவளுக்குக் கீரை வேணாமாம். ஒண்ணா எண்டா எங்கட ஊரில வேணாம், ஏலாது."

"ஒண்ணான்னா சேர்ந்து இல்லையா?"

"ஆரு சொன்ன? ஒண்ணா எண்டா ஒண்ணா. மறுகா என்ன சேர்ந்து?"

கோகிலவாணி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சொல்லை அவள் எத்தனையோ முறை கேட்டிருந்தாள். முற்றத்தில் இரண்டு பேர் ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுக்க, ஒண்ணா ஒண்ணா என்று அவள் கத்துவாள். குளிக்கக் கூப்பிட்டால் ஒண்ணா, படுக்கக் கூப்பிட்டால் ஒண்ணா. இங்கே பிள்ளைகள் எதைச் செய்தாலும் சேர்ந்துதான் செய்வார்கள் என்று அண்ணனிடம் போனில் சொல்லிச் சிலாகித்துமிருந்தாள்.

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, சுலோஜனா அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு எந்த இடத்தில் போனதென்று தெரியவில்லை.

"நான் இஞ்ச நிண்டிருக்கணும்" என்றாள் கடைசியில். "அந்த ஒரு சொல்லச் சொல்றதுக்கே அவள் எத்தின நாள் உங்களுக்குப் பக்கத்தில வந்து இருந்திருப்பாள்."

டோறா அன்ரி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு அவசரப்பட வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. கோகிலவாணி வந்திருந்தது சுற்றுலா விசாவில். அந்த விசாவில் வந்த ஒருத்தி பள்ளியில் படிப்பித்ததே பிழை. அவளை வைத்து ஒரு பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டுச் சொன்னது அதைவிடப் பெரிய பிழை. இது அலுவலகத்துக்குப் போனால் இல்லத்தின் பதிவை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். மற்றப் பிள்ளைகளை எங்கே கொண்டு போய் விடுவது. ஜெயரூபன் குடிகாரன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. பிள்ளைகள் பழகிவிடுவார்கள். சில பிழைகள் நல்ல இடத்தில் போய் முடிவதும் உண்டு என்றார். இதைச் சொல்லும்போது டோறா அன்ரி அவளைப் பார்க்கவில்லை.

கோகிலவாணி அன்றும் மறுநாளும் யாரோடும் கதைக்கவில்லை. அவளுடைய பேசாமை அதற்கு முன்பு ஓய்வாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. மேனுகா தோளில் சாய்ந்தது அவளுக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. பிள்ளை ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிட்டுச் சாய்ந்திருக்கிறது. இறக்கி வைத்ததை எடுத்துத் திரும்பப் பிள்ளையின் தலையிலேயே வைத்தது அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை சுலோஜனாவும் அவளும் பஸ் ஏறினார்கள். டோறா அன்ரிக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவர் போக வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு என்று ஒரு பை பிஸ்கட் கொடுத்தார். ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை தாண்டிச் சித்தாண்டியில் இறங்கி, கோயில் வீதியால் உள்ளே நடந்தார்கள். ஜெயரூபன் வயலிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். கதிரை எடுத்துப் போட்டான், சோடா வாங்கி வந்து உடைத்துக் கொடுத்தான். கொடுக்கும்போது, என்னகா, நான் பிள்ளையளுக்குச் சோறு குடுக்கிறனோ எண்டு பாக்க வந்தயளோ என்று சுலோஜனாவைக் கேட்டான். பகிடி மாதிரித்தான் கேட்டான். நிது மாமியின் இடுப்பை விட்டு இறங்காமல், அவள் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதுகூட முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் அதைத் தொந்தரவாக எடுக்கவில்லை. பிள்ளை இரவில் இவளுக்குப் பக்கத்தில்தான் படுக்கிறதாம். இல்லத்தில் நிது நடுச்சாமத்தில் எழும்பி அழுவது வழக்கம். இங்கே அழுவதில்லையாம்.

மேனுகா கிணற்றடியில் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தாள். சுலோஜனா வேண்டுமென்றே வீட்டுக்காரரோடு கதையை நீட்டிக்கொண்டிருக்க, கோகிலவாணி கிணற்றடிக்குப் போனாள். பிள்ளை அவளைக் கண்டுவிட்டு வேலையை நிறுத்தவில்லை. துணியைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டது. கடைசித் துணியையும் போட்ட பிறகுதான் கேட்டது.

"நான் சொன்னத்த நீங்க ஏன் மிஸ் மாத்திச் சொன்னீங்க?"

கோகிலவாணி சொன்னாள். எங்க ஊரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு, நீ தங்கச்சியோடு சேர்ந்து போகிறேன் என்று சொல்வதாக நினைத்துவிட்டேன் என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான காரணமாக இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. மேனுகா அதை அற்பமாக எடுக்கவில்லை. நன்றாக யோசித்தாள்.

"அப்ப உங்கட ஊரில வேணாம் எண்டா என்னெண்டு சொல்ற?"

"வேண்டாம்னுதான்."

"அது எங்களுக்கும் இருக்கு." சற்றுப் பொறுத்து, "நான் அதச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"இல்லம்மா. தப்பு உன்னோடது இல்லை."

"ஒஃபீஸ் ஐயாட்டச் சொல்ல ஏலாது. அவரு கேக்கக்குள்ள மாமா பக்கத்தில நிண்டவரு. அவருக்கு முன்னால எப்பிடிச் சொல்ற?"

பிறகு அவள் தானாகவே சொன்னாள். தோணியில் இருந்த நாட்களில் ஒருபோதும் இவ்வளவு சொன்னதில்லை. தாய் குவைத்துக்குப் போகும்போது இல்லத்து வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாளாம். நான் வந்து கூட்டிப் போகும்வரைக்கும் ஆரு கேட்டாலும் போகாதே, மாமா கேட்டாலும் போகாதே. தாய்க்கும் மாமாவுக்கும் இடையில் ஏதோ காணிச் சண்டை. அதைப் பற்றி மேனுகாவுக்கு அக்கறையில்லை. மாமா நல்லவர், மாமி அதைவிட நல்லவர். ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல்தானே. இப்போது அம்மா போன் எடுத்தால் மாமியின் போனில் கதைக்க வேண்டியிருக்கும். அம்மா கேட்பாள், நான் போகாதே எண்டு சொன்னேனே எண்டு.

"நான் அம்மாட பேச்சுக் கேக்கல்ல எண்டு அம்மா நினைப்பா" என்றாள். இவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்ற பிள்ளைக்கு அந்த இடத்தில்தான் குரல் உடைந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் சுலோஜனா, அப்ப என்ன செய்யப்போறீங்க என்று மட்டும் கேட்டாள். கோகிலவாணி நாளைக்கு அலுவலகத்துக்குப் போகிறேன் என்றாள். அன்றிரவே டோறா அன்ரியிடமும் அதைச் சொன்னாள். டோறா அன்ரி நீண்டநேரம் மேசைவிரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். போகத்தான் வேண்டுமென்றால் தானும் வருகிறேன், பிழை இல்லத்தின் பெயரில்தான் வரும், அதை ஒரு இந்தியப் பிள்ளை தனியாகப் போய்ச் சொல்லக் கூடாது என்றார்.

திவாகரன் இரண்டு பேரையும் இருக்கச் சொல்லிக் கேட்டார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

"நீங்களும் தமிழ். பிள்ளையும் தமிழ். நானும் தமிழ். இதில மொழி விளங்காமப் போயிற்று எண்டு நான் மேலிடத்துக்கு என்னெண்டு எழுதுற?"

அந்தச் சொல்லை, அதே சொல்லாக, என்னிடம் வந்து சொல்லியிருந்தால் போதுமே மிஸ் என்றார் பிறகு. அவர் வாழைச்சேனையில் பிறந்தவர், அந்தச் சொல்லோடு வளர்ந்தவர். பிறகு, எதிர்பார்த்தபடியே, என்ன விசா என்று கேட்டார். கோகிலவாணி சொன்னாள்.

அந்தக் கிழமையே திவாகரன் சித்தாண்டிக்குப் போனார். இந்த முறை ஜெயரூபனை வளவுக்கு வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளையை மட்டும் வைத்துக் கேட்டார். விருப்பமில்லையென்றால் திரும்ப இல்லத்துக்கே கூட்டிப் போக வழி செய்கிறேன், நீதிமன்றத்தில் நானே சொல்கிறேன் என்றார். மேனுகா அவருக்குப் பதில் சொன்னாள். தனக்கு வரச் சம்மதமில்லை என்று தான் முதலே சொன்னதாகச் சொன்னாள். ஆனால் நிது இப்போது அழாமல் படுக்கிறாள். அவளை இங்கேயிருந்து கிளப்பினால் திரும்ப அழுவாள். அவளை விட்டுவிட்டுத் தான் மட்டும் போகவும் ஏலாது. ஆகவே இருக்கிறேன் என்றாள். ஒன்றை மட்டும் கேட்டாள். தானாக வரவில்லை என்பதை அம்மாவிடம் ஆராவது சொல்ல வேண்டும். மாமாவோ மாமியோ இல்லை, பெரிய ஆள் ஆராவது. திவாகரன் தான் சொல்வதாகச் சொன்னார். பிழைவிட்ட மிஸ்தான் சொல்ல வேண்டும் என்று பிள்ளை சொன்னது.

குவைத் இலக்கம் டோறா அன்ரியிடம் இருந்தது. கோகிலவாணி அழைத்தபோது அங்கே எசமானியம்மா வீட்டில் நின்றிருக்க வேண்டும். தாய் குரலைத் தாழ்த்தி, ஏதோ அறைக்குள் நின்று கதைத்தாள். கோகிலவாணி ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னாள். போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று அவள் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"அவள் ஒண்ணா எண்டுதானே சொன்ன?" என்று தாய் கேட்டாள்.

"ஆமாங்க."

"ரெண்டு பேருக்கும் எண்டு சொன்னாளா?"

"சொன்னா."

"அப்ப எண்ட புள்ள எண்ட பேச்சக் கேட்டுத்தான் இருக்கு."

நிது சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். கோகிலவாணி தான் கண்டதைச் சொன்னாள். சரி, நான் மூத்தவளோட கதைக்கிறன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். கோகிலவாணியை ஏசவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. அதற்கெல்லாம் அவளுக்கு நேரமிருக்கவில்லை.

அன்று பின்னேரம் சித்தாண்டியில் மாமியின் போன் அடித்ததும், மேனுகா அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் கதைத்ததும் பிறகு தெரிய வந்தது. என்ன கதைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

கோகிலவாணியை விசா முடியும்வரை நிற்க விடவில்லை. அவள் கோயம்புத்தூரில் வேறொரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள், பிறகு எங்கும் தொண்டு செய்யப் போகவில்லை. இல்லத்துக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. பதிவு போகவில்லை. டோறா அன்ரி அதற்குப் பிறகு வெளியூர்த் தொண்டர்களை எடுக்கவில்லை. போன வருடம் படுக்கையில் விழுந்தார், இப்போது இல்லத்தை மறைமாவட்டத்து ஆட்கள் நடத்துகிறார்கள். சுலோஜனா அங்கேயேதான் இருக்கிறாள், முழங்கால் வலி. திவாகரன் அம்பாறைக்கு மாற்றலாகிப் போனார். ஜெயரூபன் வயல் செய்கிறான். தாய் ஒப்பந்தம் முடிந்து வந்து, தம்பியோடு சண்டை தீராமல், வந்தாறுமூலையில் வாடகைக்கு வீடு எடுத்தாள். மேனுகா தாயோடு போனாள். சாதாரண தரப் பரீட்சை எழுதித் தேறி, உயர்தரம் படிக்கிறாள். நிது போக மறுத்துவிட்டாள். அவள் மாமி வீட்டில் இருக்கிறாள்.